‘பரவாயில்ல’ என்ற விடைக்கு எத்தனை புள்ளி?

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து தெற்கு நோக்கி வேன்கள் புறப்பட்டுவிடும். திருக்கோவிலைத் தாண்டி, கோமாரியைக் கடந்து, பொத்துவிலை அடைந்ததும் அவை இரண்டாகப் பிரியும். சில, ஏ-4 வீதியிலேயே மேற்கே திரும்பி லகுகலக் குளத்தடிக்கு யானை பார்க்கப் போகும். சில, அறுகம்பை, பாணமை வழியாக உகந்தைக்குச் சென்று குமணப் பூங்காவுக்குள் நுழையும். பின்னேரம் அதே வேன்கள் கோமாரியைக் கடந்து திரும்பி வரும். உள்ளே இருப்பவர்கள் திருப்தியோடு திரும்புகிறார்களா என்பதை எப்படி அறிவது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

“இதில் அறிய என்ன இருக்கிறது? கேட்டால் சொல்லப் போகிறார்கள்” என்று தோன்றலாம். கேட்பதுதான் கடினம். லகுகல-கித்துலான தேசியப் பூங்கா சுமார் 1,554 ஹெக்டேயர் மட்டுமே கொண்ட சிறிய பூங்கா. 1966இல் சரணாலயமாகி, 1980இல் தேசியப் பூங்காவானது. குமண அதைப்போல இருபது மடங்குக்கும் பெரியது. 1938இலேயே பறவைகள் சரணாலயமான இடம் அது. யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. யால கிழக்கு என்றிருந்த அதன் பெயர் 2006இல் குமண என மாறியது. 2010இல் அதன் ஈரநிலங்கள் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இத்தகைய இடங்களுக்கு வருவோருக்கு வசதி செய்து கொடுக்கப் பணம் எப்போதும் மட்டாகவே இருக்கும். பார்வைக் கோபுரம் கட்டுவதா, மலசலகூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி வைப்பதா, வழிகாட்டிகளுக்குத் தமிழ் கற்பிப்பதா? இதை யாரோ ஓர் அதிகாரி, யாரோ சிலரிடம் கேட்ட வினாக்களின் விடைகளை வைத்தே தீர்மானிப்பார். விடை கோணலானால் பணமும் கோணலாகவே போய்ச் சேரும்.

வருகையாளர் கருத்தாய்வுகளில் நாம் அதிகம் காண்பது ஐந்து கட்டங்கள் கொண்ட வினாக்கொத்து. மிகவும் திருப்தி என்பதிலிருந்து மிகவும் அதிருப்தி வரை ஐந்து பெட்டிகள். ஒன்றில் சரி போட வேண்டும். மனிதரின் மனப்பாங்கை இப்படிப் படிப்படியாக அளக்கும் முறையை 1932இல் முன்வைத்தவர் ரென்சிஸ் லிக்கேர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். அவர் பெயராலேயே லிக்கேர்ட் அளவுகோல் என்கிறோம். எளிமையானது, கணக்கிட இலகுவானது.

ஆனால் அதை எங்கள் ஊர்களுக்குக் கொண்டு வந்து பாருங்கள், தோழியரே. “அங்க எப்படி, நல்லாரிந்திச்சா?” என்று கேட்டால் எங்கள் ஆக்களில் பெரும்பாலானோர் சொல்வது “பரவாயில்ல”. அதற்கு எத்தனை புள்ளி? நன்றாக இருந்தது என்பதற்கும் பரவாயில்லைதான். சுமாராக இருந்தது என்பதற்கும் அதுதான். மோசமாக இருந்தது, ஆனால் விட்டுத்தள்ளுங்கள் என்பதற்கும் அதே சொல்தான். சொல்பவரின் முகத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். தாளில் முகம் இல்லை. நடுப்பெட்டியில், மூன்றாம் இலக்கத்தில் போட்டுவிட்டால் மூன்று வெவ்வேறு விடைகள் ஒன்றாகிப் போகின்றன.

பெரியவர்களிடம் கேட்டால் இன்னும் சிக்கல். “தண்ணி வசதி எப்படி?” “அல்ஹம்துலில்லாஹ்.” “பாதை எப்படி?” “அல்ஹம்துலில்லாஹ்.” அவர்கள் பொய் சொல்லவில்லை. எந்த நிலையிலும் இறைவனைப் புகழ வேண்டும் என்பது அவர்களின் ஈமானோடு கலந்த பழக்கம். அந்தச் சொல் அல்லாஹ்வுக்கு உரியது, பூங்கா நிர்வாகத்துக்கு உரியதல்ல. அதை எடுத்து ஐந்தாம் பெட்டியில் போட்டு “100 வீதம் திருப்தி” என்று அறிக்கை எழுதினால், நன்றியுணர்வு மிக்க மக்கள் வாழும் ஊர்களுக்கு ஒருபோதும் தண்ணீர்த் தாங்கி கிடைக்காது.

‘வசதி’ என்ற சொல்லே ஒரு பொறி. வினாக்கொத்துகளில் அது வராத வரி இல்லை. எங்கள் பேச்சிலோ ‘வசதியான ஆக்கள்’ என்றால் பணக்காரர். ஒரு மூதாட்டியிடம் “வசதி எப்படி?” என்று திடீரெனக் கேட்டால், குடும்ப நிலையை விசாரிக்கிறார்கள் என்றே நினைப்பார். அதனால்தான், எந்த வினாக்கொத்தையும் அச்சிடுமுன் ஊரில் பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு வினாவையும் அவர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். இதை முன்னோடிச் சோதனை என்பர். செலவு குறைந்த வேலை இதுதான். அதிகம் தவறவிடப்படும் வேலையும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி, உணர்வைக் கேட்பதைக் குறைத்து நடந்ததைக் கேட்பது. “மலசலகூடம் திருப்தியா?” என்பதற்குப் பதிலாக “பாவித்தீர்களா? தண்ணீர் வந்ததா? கதவு பூட்டுப்பட்டதா? எவ்வளவு நேரம் காத்து நின்றீர்கள்?” என்று கேட்கலாம். “பாவிக்கவில்லை” என்றால் “ஏன்?” என்ற ஒரு வினா. அடக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவருக்கும், தேவையே வராதவருக்கும் அந்த ஒரு வினாதான் வித்தியாசம் காட்டும். கதவு பூட்டுப்பட்டதா என்பதற்கு யாரும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி நிறுத்தமாட்டார்கள்.

கேட்கும் நேரமும் விடையை மாற்றும். லகுகலக் குளத்தில் ‘பேரு’ என்று சிங்களத்தில் அழைக்கப்படும் உயரமான புல் வளர்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சுற்றுப்புறம் காய்ந்து போகும்போது யானைகள் அந்தப் புல்லையும் நீரையும் தேடிக் கூட்டம் கூட்டமாக இறங்கும். அந்த நாளில் வந்து ஒரு பெருங்கூட்டத்தைக் கண்டவரிடம் குப்பைத்தொட்டி எப்படி என்று கேட்டாலும் “நல்லம்” என்பார். மாரியில், கச்சான் காற்று ஓய்ந்து வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலத்தில் வந்து ஒரு யானையையும் காணாதவர் அதே குப்பைத்தொட்டியைக் குறை சொல்வார். குப்பைத்தொட்டி மாறவில்லை. யானைதான் மாறியது. ஒரு விடயத்தில் ஏற்பட்ட நல்லெண்ணம் மற்ற எல்லா விடயங்களின் மேலும் ஒளிவட்டம்போலப் படிவதை 1920இல் எட்வர்ட் தோர்ண்டைக் என்பவர் எழுதிக் காட்டினார். அவர் பார்த்தது இராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளோருக்கு இட்ட மதிப்பீடுகளை. ஆகவே ஆகஸ்டில் மட்டும் எடுத்த ஆய்வு, சேவையைப் பற்றியது அல்ல, யானையைப் பற்றியது. குமணவுக்கும் இது பொருந்தும். ஏப்ரல் முதல் ஜூலை வரை நீர்ப்பறவைகள் கூடு கட்டும் காலத்தில் வந்தவரும் பிறகு வந்தவரும் பார்ப்பது ஒரே பூங்கா அல்ல.

எதிர்பார்ப்பும் ஒரு காரணி. ரிச்சர்ட் ஒலிவர் 1980இல் விளக்கியபடி, திருப்தி என்பது கிடைத்ததை மட்டும் பொறுத்ததல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. தொலைக்காட்சியில் சிறுத்தையைப் பார்த்துவிட்டு வந்தவர், மயிலையும் மானையும் மட்டும் கண்டு ஏமாறுவார். சோற்றுப் பார்சலோடு குடும்பமாகக் குளத்தடியில் இருந்துவிட்டுப் போக வந்தவர் ஒரு மர நிழலுக்கே மகிழ்ந்து போவார். எதுவும் கிடைத்துப் பழகாதவர் எதிர்பார்ப்பதும் குறைவு. அதனால் அவர் இடும் புள்ளி அதிகம். இதை வாசித்தபோது எனக்குச் சற்றுக் கவலையாகவே இருந்தது. எங்கள் கரையோர ஊர்கள் எல்லா ஆய்வுகளிலும் ‘திருப்தியான’ ஊர்களாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இனி, யாரிடம் கேட்பது? 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குத் தாள் அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் அதிகமான விடைகளைப் பெற்றது. லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46இல் வென்றார். பெயர்களைத் தொலைபேசிப் புத்தகம், வாகனப் பதிவு போன்ற பட்டியல்களிலிருந்து எடுத்ததும், தாளைத் திருப்பி அனுப்ப ஆர்வம் கொண்டவர்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததும் காரணம். அதே தேர்தலில் ஜோர்ஜ் கலப் மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு சரியாகச் சொன்னார். எழுமாற்றாக எடுத்த 400 பேரின் விடை பெரும்பாலும் உண்மையிலிருந்து ஐந்து வீதத்துக்கு மேல் விலகாது. எழுமாற்றாக எடுக்காத இருபது இலட்சம் எங்கும் கொண்டுபோய்விடும்.

குமணவில் எழுமாற்று மாதிரி எடுப்பது எளிதுபோலத் தெரியும். உகந்தையில் நுழைவாயில் உண்டு. ஒவ்வொரு ஐந்தாவது வாகனத்தையும் நிறுத்திக் கேட்கலாம். ஆனால் ஆடி மாதத்தில் அதே வாயிலால் இன்னொரு கூட்டம் நுழைகிறது. வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கால்நடையாகப் புறப்பட்டு, கோமாரி, பொத்துவில் வழியாக உகந்தை முருகன் கோவிலை அடைந்து, காட்டுக்குள்ளால் கதிர்காமம் நடந்து செல்லும் யாத்திரிகர்கள் அவர்கள். ஆயிரக்கணக்கில் வருவார்கள். அவர்கள் பூங்காவின் வருகையாளர்களா? பூங்காவுக்குள் நடக்கிறார்கள், உறங்குகிறார்கள், தண்ணீர் தேடுகிறார்கள். ஆனால் பறவை பார்க்க வரவில்லை. ஜீப்பில் வருபவருக்குத் தொலைநோக்கி முக்கியம். யாத்திரிகருக்கு அடுத்த குடிநீர் எத்தனை மைல் என்பது முக்கியம். இருவரின் விடைகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால், அது ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒரு விடையாக இருக்கும்.

லகுகலவில் சிக்கல் வேறு. அங்கே பலர் வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி, குளத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவர். டிக்கட் எடுத்தவர்களிடம் மட்டும் கேட்டால் இவர்கள் எவரும் கணக்கில் வரமாட்டார்கள். நாட்டின் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, இலங்கையை விட்டுப் புறப்படும் வெளிநாட்டவரிடம் விமான நிலையத்தில் கருத்தாய்வு நடத்துகிறது. அது பயனுள்ளதுதான். ஆனால் வீதியோரத்தில் நின்று யானை பார்த்த சம்மாந்துறைக் குடும்பம் விமான நிலையத்தால் வீடு திரும்புவதில்லை.

வாகனத்தை நிறுத்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் இருக்கும் வேனில் விடை சொல்வது யார்? முன் ஆசனத்தில் இருக்கும் வாப்பா, அல்லது சாரதி. “எல்லாம் நல்லம்” என்று அவர் சொல்லும்போது பின்னால் கைக்குழந்தையோடு இருக்கும் உம்மாவின் கருத்து அவருக்கே தெரியாது. வழிகாட்டி அருகில் நின்றால், வழிகாட்டியைப் பற்றி யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். எனவே வேனில் அடுத்ததாகப் பிறந்தநாள் வரப்போகிறவர் யாரோ அவரைக் கேட்பது என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எழுமாற்றாக ஒருவரைத் தெரிய அது எளிய வழி. பெண்ணிடம் பெண் கேட்க வேண்டும் என்பதையும் எங்கள் பகுதியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேற்று ஆடவரிடம் மலசலகூடத்தைப் பற்றி எந்த உம்மா வாய் திறப்பார்?

இவையெல்லாம் சரியாக அமைந்த பின்னரும் சராசரி என்ற ஒன்று காத்திருக்கிறது. 1977இல் மார்ட்டில்லா, ஜேம்ஸ் என்ற இருவர் ஓர் அழகான முறையை முன்வைத்தனர். ஒவ்வொரு சேவைக்கும் இரண்டு வினா: இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? இங்கே இது எவ்வளவு நன்றாக உள்ளது? இரண்டையும் வரைபில் குறித்தால் நான்கு கட்டங்கள் வரும். முக்கியம் அதிகமாகவும் தரம் குறைவாகவும் உள்ள கட்டத்தில் விழுவனவற்றுக்கே முதலில் பணம் போக வேண்டும். முக்கியமும் இல்லை, தரமும் இல்லை என்ற கட்டத்தில் விழுவன காத்திருக்கலாம். பூங்கா ஆய்வுகளில் இம்முறை இன்றும் பெரிதும் கையாளப்படுகிறது.

நான் தாளில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கற்பனையான ஒரு பூங்கா, 100 வருகையாளர். தொழுவதற்கு ஓர் இடமும் வுழூ செய்யத் தண்ணீரும் எவ்வளவு முக்கியம் என்று கேட்கிறோம். 20 பேர் ஐந்து புள்ளி இடுகிறார்கள். மற்ற 80 பேருக்கும் அது தேவையில்லை, ஒரு புள்ளி. சராசரி 1.8. வரைபில் அது ‘காத்திருக்கலாம்’ என்ற கட்டத்தில் போய் விழுகிறது. ளுஹரும் அஸரும் காத்திருக்கமாட்டா. அந்த 20 பேரும் அடுத்த முறை வரமாட்டார்கள், அல்லது அரை நாளில் திரும்பிவிடுவார்கள். சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கான சாய்தளத்துக்கு இதே கணக்கைப் போட்டால் சராசரி 1.04. கணக்கில் பிழையில்லை. ஒரு தேவை எத்தனை பேருக்கு உண்டு என்பதையும், உள்ளவருக்கு அது எவ்வளவு ஆழமானது என்பதையும் சராசரி ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. ஆகையால் விடைகளை ஆண், பெண், முதியோர், யாத்திரிகர், வெளிநாட்டவர் எனப் பிரித்து வரைபில் இட வேண்டும். அப்போதுதான் ஒரே புள்ளி ஐந்து புள்ளிகளாகச் சிதறி உண்மை தெரியும்.

ஆனால் எவ்வளவு பிரித்தாலும் ஒரு கூட்டம் வரைபில் விழாது. வராதவர்கள்.

வாயிலில் நின்று கேட்கும் எந்த ஆய்வும் வந்தவர்களிடம்தான் கேட்கிறது. ஓர் இடம் சிலருக்கு முற்றாக ஒத்துவராவிட்டால் அவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். இருப்பவர்களின் திருப்தியோ உயர்ந்துகொண்டே போகும். அவுஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990களின் நடுப்பகுதியில் இதைத்தான் கண்டார்கள். யார் பூங்காவில் இருக்கிறார்கள் என்று பார்த்தபோது, ஒன்பது வயதுக்குப் பிறகு சிறுமிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைவதும், சிறுவர்களின் எண்ணிக்கை அப்படிக் குறையாததும் தெரிந்தது. ஒரே பெரிய திறந்த வெளி. பந்தோடு வரும் பையன்கள் அதை எடுத்துக்கொள்வர். போட்டி போட விரும்பாத சிறுமிகள் மெல்ல விலகிவிடுவர். 1999இல் மார்கரெட்டன் பகுதியில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். நடைபாதைகள், கரப்பந்து, பூப்பந்துத் திடல்கள், பெரிய வெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கும் செடிகள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். நியூயோர்க்கின் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 1980இல் நூல் எழுதிய வில்லியம் வைட்டும், ஓரிடத்தில் பெண்களின் வீதம் குறைந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்று கொள்ளலாம் என்றார். அவர் யாரிடமும் திருப்தியா என்று கேட்கவில்லை. இருந்து எண்ணினார்.

எண்ணுவது எங்களாலும் முடிந்த காரியம். ஒரு கொப்பி, ஒரு பேனை. வெள்ளி பின்னேரம், ஞாயிறு காலை, சாதாரண நாள் அஸருக்குப் பின் என நேரங்களைத் தெரிந்து, எங்கள் ஊர்க் கடற்கரைப் பூங்காவிலோ சிறுவர் பூங்காவிலோ யார் இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எந்த ஆசனத்தில் யாரும் இருப்பதில்லை என்று குறித்தாலே போதும். எட்டு வயதுச் சிறுமிகள் ஊஞ்சலில் இருப்பார்கள். பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளை எண்ண ஒரு கை விரல்கள் போதுமா என்று பாருங்கள். ‘எங்கள் கலாசாரம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. அவர்களிடம் நான் கேட்க விரும்புவது, கலாசாரம் தடுத்ததா, வெளிச்சம் இல்லாத பாதை தடுத்ததா என்று எவராவது அந்தப் பிள்ளைகளிடம் கேட்டார்களா என்பதே. எங்கள் மார்க்கம் பெண்ணுக்குக் காற்று வாங்குவதைத் தடை செய்யவில்லை. மறைவான ஆசனமும், பூட்டுப்படும் கதவும், மஃரிபுக்கு முன் வீடு சேரும் பஸ்ஸும் இருந்தால் எத்தனை உம்மாமார் பிள்ளைகளோடு வருவார்கள் என்பது வாயிலில் நின்று கேட்டால் தெரியாது. வீட்டுக்கு வீடு போய்த்தான் கேட்க வேண்டும்.

வீடுகளை எழுமாற்றாகத் தெரிவு செய்ய ஒரு பட்டியல் வேண்டும். பலரும் நாடுவது கிராம உத்தியோகத்தரிடம் உள்ள வாக்காளர் இடாப்பை. கோமாரியிலோ பொத்துவிலிலோ அப்படி ஓர் ஆய்வு நடந்தால், அந்த இடாப்பிலிருந்து வீட்டை மட்டும் எடுங்கள், ஆளை எடுக்காதீர்கள். பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரின் பெயரும் அதில் இராது. கதவைத் தட்டியதும், வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் எழுதிக்கொண்டு, அதிலிருந்து ஒருவரைத் தெரிந்து, “கடைசியாகப் பூங்காவுக்குப் போனது எப்போது, அதற்குப் பிறகு ஏன் போகவில்லை?” என்று அவரிடமே கேளுங்கள்.